பால்மரமும் கையுறையும்

மலாயாத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் பால்மரத்தைத் தொடாமல் எழுதவியலாது. 1877ஆம் ஆண்டில் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்து சேர்ந்த 22 நாற்றுகள், அவற்றுள் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டமை, மரத்தைக் கொல்லாமல் பாலெடுக்கும் வெட்டு முறையை ரிட்லி வகுத்தமை, 1896இல் மலாக்காவில் டான் சே யான் வாணிக நோக்கில் ரப்பர் பயிரிடத் தொடங்கியமை, பின்னர்க் கங்காணிகள் வழியாகத் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் ஆயிரமாயிரமாய் வந்திறங்கியமை ஆகிய யாவும் நாம் ஓரளவு அறிந்தவையே. ஆனால், வாளியில் ஏந்தி வந்த பால் தோட்டத்து ஸ்டோரைத் தாண்டிய பின் எங்கே சென்றது என்பதை நாம் மாணவர்க்குச் சொல்வதில்லை. மோட்டார் வண்டிக்குச் சக்கரமாயிற்று என்று கூறி அமைந்துவிடுகிறோம். அது மெய்யே; ஆயினும் முழு மெய் அன்று. அந்தப் பால் சென்ற இன்னொரு வழி மருத்துவமனைக்குள் நுழைந்து, அறுவை அறையையும் நோயாளர் கூடங்களையும் கடந்து, கழிவை எரிக்கும் உலையின் வாயில் முடிகின்றது. அவ்வழியின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

மருத்துவமனை என்பது ஒரு காலத்தில் நோய் தீர்க்கும் இடமாக மட்டுமன்றி, நோய் பிடிக்கும் இடமாகவும் இருந்தது. வியன்னா நகரின் பெரிய மருத்துவமனையில் மகப்பேற்றுப் பிரிவொன்றில் 1847 ஏப்ரல் மாதத்தில் மட்டும் நூற்றுக்குப் பதினெட்டுத் தாய்மார் பிள்ளைபேற்றுக் காய்ச்சலால் மடிந்தனர். பிணங்களை அறுத்து ஆராய்ந்த கையோடு மருத்துவ மாணவர்கள் பேறு பார்க்க வந்ததே அதற்குக் காரணம் என்று செம்மல்வைஸ் என்னும் இளம் மருத்துவர் கண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிய பின்னரே உள்ளே வரவேண்டும் என்று விதித்தார். ஜூன் மாதத்தில் இறப்பு நூற்றுக்கு இரண்டளவில் இறங்கியது. கிருமி என்றால் என்னவென்று உலகம் தெளிவதற்கு முன்பே நிகழ்ந்தது இது. நீரும் சுண்ணாம்பும் அன்றி வேறெதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. அவருடைய சொல்லை அவர் காலத்து மருத்துவப் பெரியோர் பலர் ஏற்கவில்லை என்பது வேறு கதை.

இருபது ஆண்டுகளுக்குப் பின், 1867இல், ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் புண்ணைக் காக்கும் முறையை வெளியிட்டார். அறுவை மருத்துவத்தின் போக்கையே மாற்றிய முறை அது. எனினும் அவரும் ஓரிடத்தில் அளவு கடந்தார். காற்றில் மிதக்கும் கிருமிகளே பெரும்பகை என்று கருதி, அறுவை அறையின் காற்று முழுவதிலும் கார்பாலிக் நீரைத் தூவும் கருவியொன்றைப் புகுத்தினார். மருத்துவரின் கை வெந்தது; நெஞ்சு எரிந்தது; பயனோ சிறிது. 1890இல் பெர்லின் மாநாட்டில், அத்தூவலைப் பரிந்துரைத்ததற்காகத் தாம் நாணுவதாக லிஸ்டரே வெளிப்படையாகக் கூறினார். இந்நிகழ்ச்சியை மாணவர்கள் நினைவில் இருத்தல் நன்று. தொற்றுத் தடுப்பில் பயனற்றதொன்றைக் கைவிடுவதற்கும் அத்துறையைப் படைத்தவரே முதல் வழி காட்டியிருக்கிறார். பின்னர் வருவனவற்றை விளங்கிக்கொள்ள இது துணை செய்யும்.

இனிக் கையுறைக்கு வருவோம். அது நோயாளியைக் காக்கப் பிறந்ததன்று. ஒரு தாதியின் கையைக் காக்கப் பிறந்தது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்பவர் அறுவை மருத்துவர். அவருடைய அறுவை அறைத் தலைமைத் தாதி கரோலின் ஹாம்ப்டன். கைகளைப் பாதரச உப்புக் கரைசலில் நனைப்பது அக்கால வழக்கம். அக்கரைசல் அந்த அம்மையாரின் கைகளைப் புண்ணாக்கியது. 1889-90 குளிர்காலத்தில் ஹால்ஸ்டெட் அவர் கைகளுக்கு அச்செடுத்து, குட்இயர் ரப்பர் நிறுவனத்தாரிடம் மெல்லிய ரப்பர் கையுறைகள் செய்து தரும்படி வேண்டினார். கையுறையும் வந்தது, அதே 1890இல் அவ்விருவருக்கும் திருமணமும் நடந்தது. அறுவை அறையின் மற்றவர்களும் மெல்ல மெல்ல அதனை அணியத் தலைப்பட்டனர். அவருடைய உதவியாளரான பிளட்குட் குடலிறக்க அறுவைகளின் பதிவுகளை ஆராய்ந்து, கையுறை வந்தபின் புண்ணில் சீழ் பிடிப்பது வெகுவாகக் குறைந்தது என்று 1899இல் எழுதினார். தாதியின் தோலைக் காக்க வந்த பொருள் நோயாளியின் உயிரையும் காத்தது இவ்வாறே.

அன்று அக்கையுறைகளுக்கு வேண்டிய ரப்பர் பெரும்பாலும் பிரேசில் காடுகளிலிருந்து வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை தலைகீழாயிற்று. மலாயா, சுமத்திரா, இலங்கைத் தோட்டங்களின் ரப்பர் உலகச் சந்தையை நிறைத்தது. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போன நம் பாட்டிமாருக்குத் தாம் எடுக்கும் பாலில் ஒரு பங்கு எந்த நாட்டு மருத்துவர் கைக்குப் போகிறது என்பது தெரிந்திருக்க வழியில்லை.

ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கையுறை மதிப்புள்ள பொருளாகவே இருந்தது. பயன்படுத்திய கையுறையைக் கழுவினர். நீரோ காற்றோ நிரப்பி ஓட்டையுண்டா என்று பார்த்தனர். சிறு ஓட்டையை ஒட்டினர். மாவு தூவி, துணியில் பொதிந்து, நீராவிக் கலனில் வைத்துத் தூய்மையாக்கி மீண்டும் அணிந்தனர். ஊசிக்குழல் கண்ணாடியாலானது, அதுவும் அப்படியே. நம் தோட்டத்து மருந்தகங்களில் டிரசர் ஊசிகளைக் கொதிநீரில் இட்டு எடுப்பதைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். அந்தக் கொதிநீர்ச் சட்டியைக் கண்டதுமே அழத் தொடங்கிய பிள்ளைகள் எத்தனை பேர்! அம்முறையில் குறைகள் இருந்தன என்பதை மறைத்தல் ஆகாது. சரியாகக் கொதிக்காத ஊசி ஒருவர் குருதியிலுள்ள நோயை இன்னொருவருக்குக் கொண்டுசென்றது. பழையன யாவும் நல்லன என்னும் மயக்கம் வரலாற்று மாணவனுக்கு ஆகாது.

1950களில் பென்சிலினுக்கு அடங்காத ஸ்டாபிலோகாக்கஸ் கிருமி பல நாட்டு மருத்துவமனைகளில் பரவியது. அதனை எதிர்கொள்ள ஒரு புதிய பணி தோன்றிற்று. 1959இல் இங்கிலாந்தின் டெவன் மாநிலத்தில் டார்பே மருத்துவமனையில் காட்ரெல் என்னும் தாதி தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியாக அமர்த்தப்பட்டார். இத்தகைய பணி உலகில் அதுவே முதலாவது என்பர். கூடம் கூடமாகச் சென்று யாருக்குத் தொற்று வந்தது, எப்படி வந்தது, யார் கை கழுவவில்லை என்று பார்த்துப் பதிவதே அவர் வேலை. எல்லா மருத்துவமனைக்கும் இத்தகையோர் தேவையா என்று ஐயுற்றோரும் இருந்தனர். அமெரிக்காவில் பல ஆண்டுகள் நடத்தப்பட்டு 1985இல் வெளிவந்த பேராய்வு அந்த ஐயத்தைத் தீர்த்தது. 250 படுக்கைக்கு ஒரு தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதி, முறையான கண்காணிப்பு, பயிற்சி பெற்ற மருத்துவர் ஆகியவை அமைந்த மருத்துவமனைகளில் தொற்றுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தடுக்க இயலும் என அது காட்டியது.

அதே காலத்தில் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. ஒருமுறை அணிந்து எறியும் மருத்துவக் கையுறையை 1960களின் நடுவில் ஆஸ்திரேலியாவின் ஆன்சல் நிறுவனம் செய்து விற்றது. ஊசிக்குழல், குழாய், தட்டு, விரிப்பு என ஒவ்வொன்றாக எறிபொருளாயிற்று. கழுவும் கூலி மிச்சம், தொற்றும் இல்லை என்று மருத்துவமனைகள் மகிழ்ந்தன. எறிந்தவை எங்கே போகும் என்று அப்போது கேட்டவர் அரியர்.

எய்ட்ஸ் நோய் வந்தது. எவர் குருதியிலும் அந்நோய்க் கிருமி இருக்கக்கூடும் என எண்ணி நடந்துகொள்ள வேண்டும் என்னும் பொது விதியை அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 1987இல் வகுத்தது. குருதியைத் தொடும் வேலைக்குக் கையுறை கட்டாயமாயிற்று. உலகெங்கும் கையுறைக்குப் பஞ்சம். ரப்பர் பால் இருந்த நம் நாட்டில் ஓரிரு ஆண்டுகளில் கையுறைத் தொழிற்சாலைகள் காளான் போல் முளைத்தன. சந்தை நிறைந்ததும் அவற்றுள் பல மூடவும் பட்டன. எஞ்சியவை வளர்ந்து, உலகிலேயே மிகுதியான கையுறை செய்யும் நாடு மலேசியா என்னும் பெயரைத் தேடித் தந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் நம்மவர் பட்டணக்கரை நோக்கிப் பெயர்ந்த காலமும் அதுவே. பால் வெட்டியவர்களின் மக்கள் சிலர் அதே பாலைக் கையச்சில் தோய்க்கும் ஆலைகளில் வேலைக்கமர்ந்தனர். பின்னர் அவ்வேலை பெரும்பாலும் வங்காளதேசத்தாரிடமும் நேப்பாளியரிடமும் சென்றது.

விதி குருதிக்காக வகுக்கப்பட்டது. வழக்கமோ எல்லாவற்றுக்குமாகப் பரவியது. காய்ச்சல் பார்க்கவும் கையுறை, உணவுத் தட்டு நீட்டவும் கையுறை, நோயாளியைத் தள்ளுவண்டியில் அழைத்துச் செல்லவும் கையுறை என்றாயிற்று. இதனால் தூய்மை கூடியதா? கூடவில்லை என்பதே துறையறிந்தோர் முடிபு. கையுறை அணிந்தவர் தம் கை தூயது என்று நம்பிவிடுகிறார். ஒரு நோயாளியைத் தொட்ட கையுறையோடே கதவைத் தொடுகிறார், எழுதுகோலைத் தொடுகிறார், அடுத்த நோயாளியையும் தொட்டுவிடுகிறார். வெறுங்கையாயிருப்பின் கழுவியிருப்பார். கழற்றும்போதும் கையில் கிருமி ஒட்டக்கூடும். ஆகவேதான் 2009இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட கை தூய்மை நெறிமுறைகள், கையுறை கை கழுவுதலுக்கு மாற்றாகாது என்று திட்டவட்டமாகக் கூறின. குருதி, உடல்நீர், புண், சளிச்சவ்வு இவற்றைத் தொட நேரும் இடத்தில் கையுறை வேண்டும். குருதி அழுத்தம் பார்க்கவும் குளிப்பாட்டி உடை மாற்றவும் வேண்டுவதில்லை. நலமான தோலில் தடுப்பூசி போடுவதற்குக்கூட அது தேவையில்லை என்று அந்நிறுவனம் சொல்வதைக் கேட்டு வியப்போர் பலர்.

செம்மல்வைஸின் சுண்ணாம்பு நீருக்கு இக்காலத்தில் வாரிசு உண்டு. ஜெனிவா மருத்துவமனையில் டிடியே பிட்டே என்னும் மருத்துவர் படுக்கைதோறும் சாராயக் கைத்தேய்ப்பு நீரை வைத்தார். 1994க்கும் 1997க்கும் இடையில் அங்கே கை தூய்மை பேணுதல் 48 விழுக்காட்டிலிருந்து 66 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. தொற்றுக்குள்ளான நோயாளர் 16.9 விழுக்காட்டிலிருந்து 9.9 விழுக்காடாகக் குறைந்தனர். அப்பதிவு 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இரண்டு சொட்டு நீரைத் தேய்த்தலே இங்கும் நிகழ்ந்தது.

எறிந்த கையுறை எங்கே போகும் என்ற வினாவுக்கு இப்போது திரும்பலாம். மருத்துவக் கழிவெல்லாம் தொற்றுடையது என்று அஞ்சி அனைத்தையும் எரித்த காலம் ஒன்றுண்டு. உண்மையில் மருத்துவமனைக் கழிவில் ஏறத்தாழ 85 விழுக்காடு வீட்டுக் குப்பையை ஒத்தது. 15 விழுக்காடே தீங்குடையது. இரண்டும் ஒரே மஞ்சள் பைக்குள் விழுந்தால் இரண்டும் உலைக்கே போகும். பிளாஸ்டிக்கு, குறிப்பாகக் குளோரின் கலந்த பி.வி.சி., குறைந்த வெப்பத்தில் எரியும்போது டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு பிறக்கிறது. அது காற்றிலேறி, புல்லில் படிந்து, பாலிலும் இறைச்சியிலும் சேர்ந்து, தாய்ப்பால் வரை வந்துவிடும். நாட்டின் டையாக்சின் வெளியீட்டுக்கு மருத்துவக் கழிவு உலைகள் தலையாய காரணங்களுள் ஒன்று என அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனம் 1994இல் கணித்தபோது மருத்துவ உலகம் திடுக்கிட்டது. நோயைத் தீர்க்கும் இல்லமே ஊருக்கு நோயைப் பரப்பியதென்றால் யார்தாம் திடுக்கிடமாட்டார்? அங்கே ஆயிரக்கணக்கான உலைகள் அதன்பின் மூடப்பட்டன. 2001இல் நிறைவேறி 2004இல் நடைமுறைக்கு வந்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையும் இத்தகைய நஞ்சுகளைக் குறைக்கும்படி நாடுகளைக் கேட்கிறது.

இவ்விடத்தில்தான் தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியின் சொல்லுக்கு ஒரு தனி மதிப்பு ஏற்படுகிறது. சுற்றுச்சூழல் அலுவலர் ஒருவர் கூடத்துக்கு வந்து, கையுறையைக் குறையுங்கள், மஞ்சள் பையில் காகிதத்தைப் போடாதீர்கள் என்றால், தொற்று வந்தால் நீங்களா பொறுப்பு என்று கேட்டு வாயடைத்துவிடுவர். அதே சொல்லைத் தொற்றைத் தடுப்பதையே தொழிலாகக் கொண்டவர் சொன்னால் மறுக்க ஆளில்லை. எது காப்பு, எது வெறும் சடங்கு என்று பிரித்துச் சொல்லும் அறிவும் உரிமையும் அவரிடமே உள்ளன.

லண்டனில் கிரேட் ஆர்மண்ட் தெருவில் உள்ள குழந்தைகள் மருத்துவமனை இதற்குச் சிறந்த சான்று. அங்கே 2018இல், கல்விப் பணியிலிருந்த தாதியரும் தொற்றுத் தடுப்புத் தாதியரும் சேர்ந்து, கையுறையைக் கழற்றுவோம் என்னும் பொருள்பட ஓர் இயக்கம் தொடங்கினர். கையுறையைத் தடைசெய்யவில்லை, அணியுமுன் எண்ணிப் பார்க்கக் கற்பித்தனர். இந்த வேலையில் குருதி படுமா? உடல்நீர் படுமா? படாதெனின் கையைத் தூய்மை செய்துகொண்டு வெறுங்கையால் குழந்தையைத் தொடு என்றனர். ஓராண்டில் அம்மருத்துவமனை வாங்கிய கையுறை 37 இலட்சம் குறைந்தது; 21 டன் பிளாஸ்டிக்கு மிச்சமாயிற்று; 90,000 பவுனுக்கு மேல் பணமும் மிஞ்சியது. பணியாளரின் கைத்தோல் நலம் பெறுவதும் இவ்வியக்கத்தின் நோக்கங்களுள் ஒன்று. ஒரு தாதியின் வெந்த கைக்காகப் பிறந்த கையுறை, நூற்றிருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் தாதியரின் கைத்தோலுக்காகவும் கழற்றப்பட்டதை எண்ணினால் வியப்பாயிருக்கிறது. பிள்ளைகளுக்கும் இதில் ஆதாயம் உண்டு என்பேன். காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு ரப்பர் விரலைவிட மனித விரல் இனிதன்றோ!

இவ்வியக்கம் வேரூன்றுமுன் பெருந்தொற்று வந்துவிட்டது. 2020 பிப்ரவரி இறுதி தொடங்கி ஆறு மாதத்தில் இங்கிலாந்தில் வழங்கப்பட்ட காப்பணிகளால் 106,478 டன் கரியமில வாயுவுக்கு இணையான மாசு ஏற்பட்டதென்று ஆய்வாளர் கணக்கிட்டனர். அதில் பெரும்பங்கு கையுறைக்குரியது. ஐ.நா. அமைப்புகளின் கூட்டு முயற்சி வழியாக 2020 மார்ச் முதல் 2021 நவம்பர் வரை நாடுகளுக்கு வாங்கி அனுப்பப்பட்ட காப்பணிகள் மட்டும் ஏறத்தாழ 87,000 டன் என்றும், அவற்றுள் பெரும்பகுதி கழிவாயிருக்கும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் அறிவித்தது. உலகின் மருத்துவ நிலையங்களில் நூற்றுக்கு முப்பது, பெருந்தொற்றுக்கு முன்பிருந்த கழிவைக் கையாளவே வசதியற்றவை என்றும் அவ்வறிக்கை கூறிற்று. தேவையற்ற இடங்களில் கையுறை மிகுதியாக அணியப்பட்டதையும் அது சுட்டிக்காட்டத் தவறவில்லை.

அக்காலத்தில் உலகக் கையுறையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மலேசியாவிலிருந்து சென்றது. விலை பன்மடங்காயிற்று, பங்குச் சந்தையில் கோடிகள் புரண்டன. அந்தக் கையுறைகளைச் செய்தவர்களோ நெருக்கமான விடுதிகளில் அடைந்து கிடந்தனர். 2020 நவம்பரில் கிள்ளானில் கையுறைத் தொழிலாளரிடையே தொற்று ஆயிரக்கணக்கில் பரவியது. உலகத்தாரைத் தொற்றிலிருந்து காக்கும் பொருளைச் செய்தவர்க்குத் தம்மைக் காத்துக்கொள்ள இடம் இல்லாமற்போயிற்று. லயத்து வீடுகளில் ஓரறைக்குள் பெருங்குடும்பமாய் வாழ்ந்த நம் முன்னோரின் பேரர்களாகிய நமக்கு இச்செய்தி அயலார் செய்தியாகப் படக்கூடாது.

கையுறை குறைந்தால் நம் நாட்டுத் தொழில் என்னாவது என்று ஆசிரியர் அறையில் நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வியே. ஆனால் இன்று உலகம் அணியும் மருத்துவக் கையுறையில் பெரும்பகுதி பால்மரத்திலிருந்து வருவதன்று. ரப்பர் பாலிலுள்ள புரதம் பலருக்கு ஒவ்வாமை தந்ததாலும் வேறு காரணங்களாலும், மண்ணெண்ணெய் எடுக்கும் அதே கச்சா எண்ணெயிலிருந்து செய்யப்படும் நைட்ரைல் கையுறை இடம்பிடித்துக்கொண்டது. நம் ஏற்றுமதியிலும் 2010களில் அதுவே முந்திற்று. எஞ்சிய ரப்பர் கையுறைக்கு வேண்டிய பாலும் பெரும்பாலும் தாய்லாந்திலிருந்தே வருகிறது. 2021க்குப் பின் விலை சரிந்து ஆலைகள் சில மூடப்பட்டதற்குக் காரணம், பெருந்தொற்றின் தேவை தணிந்ததும் சீனத்தின் போட்டியுமே. லண்டன் தாதியர் அல்லர். 1970களில் நம் ஆறுகள் ரப்பர் ஆலைக் கழிவால் நாறியபோதும், கழிவைக் கட்டுப்படுத்தினால் தொழில் அழியும் என்றே சொன்னார்கள். 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது; 1978இல் ரப்பர் ஆலைகளுக்கென்று விதிகளும் வந்தன. தொழில் அதனால் அழிந்துவிடவில்லை.

தொற்றுத் தடுப்புத் தாதியர் கூடங்களில் செய்துவரும் வேலை, பார்வைக்கு மிகச் சிறியது. கையுறைப் பெட்டி எங்கெங்கே மாட்டியிருக்கிறது என்று முதலில் எண்ணிப் பார்க்கிறார்கள். கூடத்து வாயிலில் ஒன்று, உணவு வண்டியருகே ஒன்று, எழுதும் மேசையில் ஒன்று என்று இருக்கும். குருதி எடுக்கும் இடத்திலும் புண் கட்டும் இடத்திலும் உள்ள பெட்டியை அப்படியே விடுகிறார்கள். உணவு வண்டியருகே உள்ளதைக் கழற்றிவிட்டு, அதே ஆணியில் கைத்தேய்ப்பு நீரை மாட்டுகிறார்கள். மறுவாரம் வந்து, எத்தனை பேர் அதைத் தேய்த்துக்கொண்டார்கள் என்று நின்று குறித்துக்கொள்கிறார்கள்.